மணிச்சி ஆயி யாரு? – மாட்டுங்கா மகளிர் தினக் கூட்டத்துல பேசினது

மேடையில இருக்கிற தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் அவர்களே, ஹால் வாடகைய பேசிப் பேசியே பாதியாக்கின பொருளாளர் தம்பி அவர்களே, தாராவியில இருந்தும் கோலிவாடாவுல இருந்தும் சமையல முடிச்சுட்டு ஓடி வந்திருக்கிற அக்கா தங்கச்சிங்களே, எல்லாருக்கும் வணக்கம். சால்வைக்கு நன்றிங்கய்யா, மார்ச் மாச பம்பாய் புழுக்கத்துல இத எங்க போத்திக்கிறதுன்னு தெரியல, ஆனாலும் நன்றி.

ஓட்டுரிமை வாங்கித் தந்தவங்களப் பத்தி மூணு விஷயம் பேசணும்னு வந்திருக்கேன். லண்டன்ல என்ன நடந்துச்சு, மெட்ராஸ்ல என்ன நடந்துச்சு, நம்ம பம்பாய்ல என்ன நடந்துச்சு. எங்க அம்மா அடிக்கடி சொல்லுவா, அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு. 1917 டிசம்பர்ல மெட்ராஸுக்கு இந்தியாவ கவனிச்சுக்கிட்ட பிரிட்டிஷ் மந்திரி மான்டேகு வந்தப்போ சரோஜினி நாயுடு தலைமையில பொம்பளைங்க போய் ஓட்டு கேட்டாங்க பாருங்க, அதுதான் இங்க மொத அழுகை. யாருக்கெல்லாம் ஓட்டு குடுக்கலாம்னு பாக்க அடுத்து வந்த சவுத்பரோ கமிட்டி, பொம்பளைங்களுக்கு முடியாதுன்னுடுச்சு. சும்மா இருந்தாங்களா? நம்ம ஊர் ஹீராபாய் டாடா, 1911ல காஷ்மீருக்கு சுத்திப் பாக்கப் போன இடத்துல லண்டன்ல பொம்பளைங்க ஓட்டுக்காகப் போராடின சோபியா துலீப் சிங் சட்டையில குத்தியிருந்த ஓட்டுரிமை பேட்ஜப் பாத்து இது என்னம்மான்னு விசாரிச்சவங்க, 1919ல மக மிதானையும் கூட்டிக்கிட்டு கப்பலேறி லண்டன் போய் பார்லிமென்ட் கமிட்டி முன்னாடியே பேசிட்டாங்க. 1921ல மெட்ராஸ் குடுத்துச்சு, அதே வருஷம் பம்பாயும் குடுத்துச்சு, அதுவும் சொத்து பத்து இருக்கிறவங்களுக்கு மட்டும்.

இப்ப எங்க மாமியார் கதைக்கு வரேன். நாங்குநேரிப் பக்கத்துக்காரங்க. ஓட்டர் லிஸ்ட்டுக்கு வீடு வீடா பேர் எழுத ஒரு மராட்டிக்காரர் வந்தாரு. புருஷன் பேரு என்னன்னு கேட்டாரு. மாமனார் பேரு ஆறுமுகம், வாயால சொல்லுவாங்களா? ஆறு வெரல நீட்டி மொகத்தத் தொட்டுக் காட்டினாங்க. அவரு ஆறு புள்ளைங்கன்னு எழுதப் போனாரு! சரி, உங்க பேரச் சொல்லுங்கன்னா அதுக்கும் வாய தொறக்கல. பக்கத்து வீட்டுப் பொடியன் மராட்டியில "மணிச்சி ஆயி"ன்னான், மணியோட அம்மான்னு. (மணி எங்க வீட்டுக்காரரு, பாருங்க நான் மைக்லயே சொல்லிட்டேன்.) அவரும் அப்படியே எழுதிட்டுப் போயிட்டாரு. சாகுற வரைக்கும் பூத்துல "மணிச்சி ஆயி"ன்னு கூப்பிட்டா கைய தூக்குவாங்க. அவங்க நெசப் பேரு சண்முகவடிவுன்னு எனக்கே கல்யாணமாகி நாலு வருஷம் கழிச்சுதான் தெரியும். சண்முகமும் ஆறுமுகமும் ஒண்ணுதானே, தன் பேர்லயே புருஷன் பேரு இருக்கு, எப்படி சொல்லுவா பாவம்!

சிரிக்காதீங்க. 1951-52 மொத எலெக்‌ஷன்ல இன்னார் பொண்டாட்டி, இன்னார் அம்மான்னு மட்டும் பதிஞ்சிருந்த பொம்பளைங்கள தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் லிஸ்ட்ல இருந்தே எடுக்கச் சொல்லிட்டாரு, ஏறக்குறைய 28 லட்சம் பேரு. அதுல பெரும்பாலும் வடக்கத்திப் பொம்பளைங்கதான், ஆனா நாம மட்டும் ஒழுங்கா? போன மாசம் சாளு சாளா போய் நாங்க லிஸ்ட்டப் பாத்தோம், கல்யாணமாகி வந்த பொண்ணு பேரு இன்னும் ஊர்லயே கெடக்கு, ஒரு அக்காவுக்கு அப்பா பேரு இருக்க வேண்டிய எடத்துல வீட்டு ஓனர் பேரு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், நீங்க அழவே மாட்டேங்கறீங்க.

மிதான் அப்புறம் பம்பாய் ஹைகோர்ட்டுல வக்கீலா நின்ன கதையும் இருக்கு, மெட்ராஸ் முத்துலட்சுமி ரெட்டி கதையும் இருக்கு, தலைவர் ஐயா வாட்ச்ச ரெண்டு தரம் பாத்துட்டாங்க. பின்னாடி டேபிள்ல புது பேருக்கு ஃபார்ம் 6, திருத்தத்துக்கும் வீடு மாறினதுக்கும் ஃபார்ம் 8 வெச்சிருக்கேன். போட்டோ, அட்ரஸ் ப்ரூஃப் ஜெராக்ஸ் எடுத்துட்டு வரலேன்னா நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க. காபி ரெடியாம், ஆனா ஃபார்ம நிரப்பினவங்களுக்குத்தான் மொதல்ல, பேனா நான் தரேன்.