எஞ்சின் வாடையும் அது வரும் நேரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரில் ஏதோ வாடை வருகிறது என்று சொல்லிக்கொண்டு பணிமனைக்கு வருபவர்களிடம், அது எந்த நேரத்தில் வந்தது என்றே நான் முதலில் கேட்பேன். காலையில் எஞ்சினை இயக்கியவுடனா, நீண்ட ஏற்றத்தில் ஏறும்போதா, வண்டியை நிறுத்திச் சாவியை அணைத்த பிறகா என்பது தெரிந்தால், தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும். மனித மூக்கு சில நிமிடங்களிலேயே ஒரு வாடைக்குப் பழகிவிடுகிறது. ஆகவே கதவைத் திறந்தவுடன் உணர்ந்த அந்த முதல் மூச்சை நம்புங்கள். பத்து நிமிடம் கழித்து "இப்போது ஒன்றும் தெரியவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

இனிப்பான வாடையைத்தான் பலரும் அலட்சியம் செய்கிறார்கள், ஏனெனில் அது அருவருப்பாக இருப்பதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால்தான் அந்த வாடைக்குக் காரணம். ஒருவர், காருக்குள் பாகு காய்ச்சுவது போன்ற மணம் வருகிறது என்று வாசனைத் திரவியத்தை மாட்டி வைத்துக்கொண்டு பல வாரங்கள் ஓட்டியிருந்தார். முன்கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுப்பான படலம் படிவதையும் அவர் பொருட்படுத்தவில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால், ஹீட்டருக்கென்று இருக்கும் சிறிய ரேடியேட்டர் கசிந்துகொண்டிருந்தது. இனிப்பு வாடை காருக்குள் வந்தால் அந்த இடத்தையும், பானெட்டுப் பக்கம் வந்தால் ரப்பர் குழாய்களையும், தண்ணீர் பம்பையும், ரேடியேட்டரின் ஓரங்களையும் பார்க்க வேண்டும். சூடான பிறகும் புகைக்குழாயில் வெண்புகை நீடித்து, அதிலும் இனிப்பு வாடை இருந்தால், பெரும்பாலும் எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் இடையே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கும். அந்த நிலையில் வண்டியை ஓட்டக்கூடாது. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, ஏனெனில் 100 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் இருக்கும் திரவம் மூடி தளர்ந்த கணமே பீறிடும். தரையில் சிந்திய கூலண்டை உடனே கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் அதை நக்கும், அது கொடிய நஞ்சு.

பெட்ரோல் நெடியில் பொறுத்துப் பார்ப்பதற்கு இடமே இல்லை. உறைபனிக் குளிரிலும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கி நிற்கும். குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது ஓரிரு கணம் லேசாக வருவது இயல்பு. நிறுத்திய வண்டியருகே நெடி அடித்தால் எரிபொருள் குழாயையும் எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையங்களையும் டாங்க் மூடியையும் சோதிக்க வேண்டும். பம்ப் தானாக நின்ற பிறகும் விளிம்புவரை நிரப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவியை உறிஞ்சி வைப்பதற்கென்று இருக்கும் கரிப்பெட்டிக்குள் திரவமே புகுந்து அதைக் கெடுத்துவிடும். எஞ்சின் ஆயிலின் அளவைப் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்தால் பெட்ரோல் நெடி வந்து, ஆயிலின் அளவும் கூடியிருந்தால், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது என்று பொருள். அதற்கான காரணத்தைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

ஓடும்போது இல்லாமல் சிக்னலில் நின்றால் மட்டும் வரும் கருகல் வாடை, எஞ்சினின் மேல்மூடியைக் கசியாமல் அடைக்கும் வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்து சொட்டும் ஆயில் சூடான புகைவழியில் விழுந்து எரிவதாக இருக்கலாம். போல்ட்டுகளை மேலும் இறுக்கினால் கசிவு நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம், கவர்தான் வளையும். கேஸ்கெட்டை மாற்றுவதே சரி.

கூமுட்டை நாற்றம் பின்புறமிருந்து வருகிறதா, முன்புறமிருந்தா என்பதைக் கவனியுங்கள். பின்புறமென்றால், எஞ்சின் தேவைக்கு அதிகமாக எரிபொருளைக் குடிப்பதால், அதிலுள்ள கந்தகம் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. கன்வெர்ட்டரை மாற்றும் முன் ஆக்சிஜன் சென்சாரையும் இன்ஜெக்டர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பானெட்டுக்குள்ளிருந்து வந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்க வேண்டிய மின்னழுத்தம் 15-ஐத் தாண்டினால், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகிப் பேட்டரிக்கு அளவுக்கு மீறி மின்னேற்றுகிறது. அப்போது வெடிக்கக்கூடிய ஹைட்ரஜனும் வெளிவரும் என்பதால் தீயும் தீப்பொறியும் அருகே வரக்கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு செறிந்தால் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் மறைந்தது என்பதற்காக வாயு போய்விட்டதாகக் கொள்ளாதீர்கள்.

ரப்பர் கருகினால் பெல்ட் வழுக்குகிறதா, ஏதேனும் கப்பி இறுகிவிட்டதா என்று பார்த்தால் போதும். பிளாஸ்டிக் கருகினால் உடனே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள், வயர் எரிந்துகொண்டிருக்கலாம். ஃபியூஸ் போனால் அதைவிட அதிக ஆம்பியர் ஃபியூஸைப் போடுவது தீயைக் கையால் வரவழைப்பது.

கடைசியாக, காருக்குள் வரும் புகை வாடை. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் முகர்வது அதனுடன் வரும் மற்ற வாயுக்களைத்தான். தலைவலியோ மயக்கமோ சேர்ந்து வந்தால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு வாடை குறைந்திருந்தாலும், எக்சாஸ்ட் குழாயின் இணைப்புகளையும் டிக்கிக் கதவின் ரப்பரையும் சோதித்துச் சரிசெய்யும்வரை அந்த வண்டியில் ஏற வேண்டாம்.

வணக்கம்.