என் கையில் இருக்கும் வெண்புள்ளி மரபணு அறிக்கையில் இல்லை

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நான் உங்களோடு பேசுவது வழக்கம். நேற்று மாலை மின்னஞ்சலில் வந்த ஓர் அறிக்கை ஞாயிறு வரை பொறுத்திருக்க விடவில்லை. அதனால்தான் புதன்கிழமையே கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

என் கைகளை உங்களுக்குத் தெரியும். 19 வயதில் வலது மோதிர விரலின் கணுவில் ஓர் அரிசி அளவுக்குத் தோன்றிய வெண்மை, இன்று இரண்டு மணிக்கட்டு வரைக்கும் உதட்டோரத்துக்கும் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட எனக்கு வந்த 14 பக்க மரபணு அறிக்கையில், வெண்புள்ளி என்ற வரிக்கு நேரே பச்சைக் கட்டத்துக்குள் ‘சராசரி ஆபத்து’ என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

இதற்கு நான் கொடுத்த விலை 7,999 ரூபாய். காலையில் எழுந்ததும் எனக்குக் காபி வேண்டும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். அன்று அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், விரல் நீளக் குழாயில் கோடு வரைக்கும் எச்சிலைச் சேர்த்தேன். கோட்டுக்கு மேலே நின்றதெல்லாம் நுரைதான், எச்சில் கோட்டுக்குக் கீழேயே இருந்திருக்கிறது. மாதிரி போதவில்லை என்று மூன்று வாரம் கழித்துச் சொன்னார்கள். இரண்டாம் முறை குழாயை மேசையில் மெல்லத் தட்டித் தட்டி நுரையை அடங்க வைத்து, எச்சில் கோட்டைத் தொட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடினேன். அன்று எனக்கு அவ்வளவு நிம்மதி. சொல்ல மறந்துவிட்டேன், இரண்டாவது குழாய்க்குக் கூரியர் கட்டணமாக 350 ரூபாய் தனியாக வாங்கினார்கள். ஆக மொத்தம் 8,349 ரூபாய்.

அறிக்கை பொய் சொல்லவில்லை. எதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. 2016-ல் வெளியான பெரிய ஆய்வோடு சேர்த்து, வெண்புள்ளியோடு தொடர்புடையவை என்று மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 50 இடங்கள் தெரியவந்தன. அந்த ஆய்வுக்கு மாதிரி கொடுத்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களிடம் ஆபத்தைக் கூட்டும் பிடிபிஎன்22 மரபணு வேறுபாடு ஆசியர்களிடம் மிக அரிது; என்னிடம் அது இல்லை என்பதால் எனக்கு ஆபத்துக் குறைவு என்று எப்படிச் சொல்ல முடியும்? நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த எச்எல்ஏ மரபணுக்களிலும் இதே கதைதான். ஐரோப்பியர்களிடம் ஏ*02:01 என்ற வகை முன்னால் நிற்கிறது; வட இந்தியாவிலும் குஜராத்திலும் நடந்த ஆய்வில் ஏ*33:01, பி*44:03, டிஆர்பி1*07:01 ஆகிய வகைகளே நோயாளிகளிடம் அதிகமாக இருந்தன. என் அறிக்கையில் இந்த மூன்றில் ஒன்றின் பெயரும் இல்லை.

எச்எல்ஏ செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் இது ஏன் பெரிய குறை என்பது விளங்கும். உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை எச்எல்ஏ என்ற தட்டில் வைத்து வெளியே காட்டுகிறது. நோய் எதிர்ப்புப் படையான டி செல்கள் அவற்றைப் பார்த்து, நம்முடையதா அந்நியமா என்று முடிவு செய்கின்றன. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதியின் துண்டை அந்நியம் என்று எடுத்துக்கொள்ளும் டி செல்கள், நிறமி செல்களையே தாக்குகின்றன. டைரோசினேஸ் மரபணுவில் வெண்புள்ளிக்கான ஆபத்தைக் கூட்டும் வடிவம், மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கான ஆபத்தைக் குறைக்கிறது. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கமே வரவில்லை, அவ்வளவு பிடித்துப்போனது.

சிவப்பழகு க்ரீம்களை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்பதை எத்தனையோ வீடியோக்களில் சொல்லியிருக்கிறேன். 2013-ல் ஜப்பானில் ரோடோடெண்ட்ரால் என்ற வேதிப்பொருள் கலந்த வெளுப்பூட்டும் க்ரீம்களைப் பூசிய பல ஆயிரம் பேருக்குத் தோலில் வெள்ளைத் திட்டுகள் வந்து, அந்தப் பொருள்களையே திரும்பப் பெற்றார்கள். அவற்றைப் பூசியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடலில் ஒரு சாய்வு இருந்து, வெளியிலிருந்து ஒரு தூண்டுதலும் வந்தால்தான் பலருக்கு இது தொடங்குகிறது. வேதிப்பொருள், வெயில் புண், ஓயாத உராய்வு என்று தூண்டுதல் எதுவாகவும் இருக்கலாம்.

இந்தப் பரிசோதனையை ஏன் செய்துகொண்டேன் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் மகளுக்கு 11 வயது. “இப்போதே பார்த்து வைத்துக்கொள், நாளைக்கு வரன் பேசும்போது கேட்பார்கள்” என்றார் என் நாத்தனார். பிள்ளையின் எச்சிலை எடுப்பதற்கு முன்னால் என்னுடையதை எடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். இப்போது அவரிடம் சொல்ல என்னிடம் எண்கள் இருக்கின்றன. அண்ணி, ஒரே மரபணுக்களோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால், மற்றவருக்கும் வந்தது 23 சதவீதம் பேருக்குத்தான் என்று 2003-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய உறவுகளில் இது 100 பேரில் ஆறேழு பேருக்கு வருகிறது. பொதுமக்களில் 100-க்கு ஒருவர் அளவில் இருக்கிறது. கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நூறு உறவினர்களில் தொண்ணூற்று மூன்று பேருக்கு வரவில்லை. என் மகள் எந்தக் குழாயிலும் துப்பப் போவதில்லை. இன்னொன்றும் உண்டு, அண்ணி: போன வாரம்கூட இதை வெண்குஷ்டம் என்றீர்கள். தொழுநோய் கிருமியால் வருவது, இது தொற்றாது. தமிழ்நாடு அரசே அந்தப் பெயரை விலக்கி ‘வெண்புள்ளிகள்’ என்று வழங்க ஆணையிட்டிருக்கிறது. என் மகள் காதில் விழும்படி அந்தச் சொல்லை இனி இந்த வீட்டில் சொல்லாதீர்கள்.

பயனுள்ள ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. வெண்புள்ளி உள்ளவர்களின் குடும்பங்களில் தைராய்டு கோளாறு, முதல் வகைச் சர்க்கரை நோய், முடக்குவாதம் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்கள் அதிகம் காணப்படுவதால், அந்தக் குடும்பங்களை வைத்தே மரபணுவைத் தேடினார்கள். 2007-ல் என்எல்ஆர்பி1 என்ற மரபணு கிடைத்தது அப்படித்தான். என் அம்மாவுக்குத் தைராய்டு உண்டு, சித்திக்கும் உண்டு. அறிக்கையின் 14 பக்கங்களில் ஓரிடத்தில்கூட என் குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எங்கள் தோல் மருத்துவர் முதல் நாளே கேட்டது அதைத்தான். ஆண்டுக்கு ஒருமுறை டிஎஸ்எச் என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார், சில நூறு ரூபாயில் முடிகிற பரிசோதனை. இரண்டு வருடமாக நான் போகவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுக்கிறேன். முடிவை ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டுகிறேன்.