80-கள்லதான் பாக்சிங் உச்சத்துல இருந்துச்சு: பெரியப்பாவுக்கு என் பதில்

வணக்கம் மக்களே. மணி இப்போ காலையில ஆறே கால். பின்னாடி குக்கர் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. நேத்து ராத்திரி எங்க பெரியப்பாகூட ஆரம்பிச்ச வாக்குவாதம் இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதைப் பேசி இறக்கி வச்சாதான் மத்த வேலை ஓடும்.

விஷயம் இதுதான். பாக்சிங் பாக்குறதுக்கு எப்போ ரொம்ப நல்லா இருந்துச்சு? அவர் 70-கள்ங்கிறார். அலி, ஃப்ரேஸியர், ஃபோர்மேன். நான் 80-கள்ங்கிறேன். லெனார்ட், டுரான், ஹெர்ன்ஸ், ஹாக்லர்.

பெரியப்பா சும்மா பேசுறவர் இல்ல. 1980-ல முகமது அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ்கூட காட்சிப் போட்டி ஆடினாரு இல்லையா, அந்தக் கூட்டத்துல நின்னு பாத்தவர். அலி எப்படிக் கால் மாத்தினாருன்னு இன்னைக்கும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுச் செஞ்சு காட்டுவார். அந்த ஆளுகிட்ட போய் அலி காலம் ரெண்டாவதுதான்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வலிக்கத்தான் செய்யுது.

அவர் பக்க நியாயத்தையும் சொல்லிடுறேன். 1971 மார்ச் 8, மேடிசன் ஸ்கொயர் கார்டன். 15-வது ரவுண்டுல ஃப்ரேஸியரோட இடது ஹூக், அதாவது பக்கவாட்டுல வளைஞ்சு வர்ற குத்து, தாடையில பட்டு அலி மல்லாந்து விழுறார், விழுந்த வேகத்துலயே எழுந்து நிக்கிறார். 1974-ல கின்ஷாசாவுல கயித்துல சாஞ்சுக்கிட்டே ஃபோர்மேனைச் சோர வச்சு எட்டாவது ரவுண்டுல கவுக்குறார். 1975-ல மணிலா. 14 ரவுண்டு முடிஞ்சப்போ ஃப்ரேஸியருக்குக் கண்ணே தெரியல. அவரோட பயிற்சியாளர் எடி ஃபட்ச், போதும்ப்பான்னு நிறுத்திட்டார். இதையெல்லாம் குறை சொல்ற வாய் எனக்குக் கிடையாது.

ஆனா மணிலாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு? அடுத்த வருஷம் அலி, ஜீன் பியர் கூப்மேன்கூட ஒரு சண்டை. அப்புறம் ஜிம்மி யங்கோட 15 ரவுண்டு. அதை முழுசா உக்காந்து பாத்தவங்களுக்குத் தெரியும், எவ்வளவு இழுவைன்னு. மலை உச்சி மாதிரி நாலஞ்சு சண்டை, நடுவுல பெரிய பெரிய பள்ளம். 70-கள் அப்படித்தான் இருந்துச்சு.

சரி, 80-களுக்கு வருவோம். நாலு பேரு. 1980-லேர்ந்து 1989 வரைக்கும் அவங்களுக்குள்ள மொத்தம் ஒம்பது சண்டை. எல்லாரும் இதைச் சொல்வாங்க. நான் சொல்ல வர்றது வேற. இந்த நாலு பேரும் ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் நின்னப்போ, எதிர்ல இருக்கிறவனை வேற ஆளா மாத்தினாங்க. அவன் இயல்பா ஆடுற ஆட்டத்தை ஆட விடல. அதுக்காகத்தான் நான் இதைத் திரும்பத் திரும்பப் பாக்குறேன்.

மாண்ட்ரியல், 1980 ஜூன். லெனார்ட் ஓடி ஆடி, ஜாப் (கையை நேரா நீட்டிச் சட்டுனு வைக்கிற குத்து) போட்டு விளையாடுற ஆளு. டுரான் பனாமா சிட்டியோட எல் சோரில்லோ சேரியில வளந்தவன், உடம்போட உடம்பு ஒட்டி நின்னு குத்துறவன். சண்டைக்கு முன்னாடியே டுரான் வாயாலயே லெனார்டைச் சீண்டிச் சீண்டி, நீயா நானா பாத்துடலாம்டான்னு நிக்க வச்சுட்டான். லெனார்டும் காலை ஊனி நின்னு டுரானோட சண்டையைப் போட்டாரு, தோத்தாரு. அஞ்சு மாசம் கழிச்சு நியூ ஆர்லியன்ஸ். இப்போ லெனார்ட் ஆடுறாரு, சுத்துறாரு, வலது கையைச் சுழட்டிக் காட்டிட்டு இடது கையால மூக்குல வைக்கிறாரு. எட்டாவது ரவுண்டுல டுரான் திரும்பி நின்னு, போதும்னு கையை விரிச்சுட்டான். அதே ரெண்டு பேருதான்.

அடுத்தது என் நெஞ்சுக்கு ரொம்ப நெருக்கமான சண்டை. 1981 செப்டம்பர் 16, லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸ். லெனார்ட், ஹெர்ன்ஸ். ஹெர்ன்ஸ் ஆறடி ஒரு அங்குலம், வெல்டர்வெயிட்ங்கிற நடுத்தர எடைப் பிரிவுக்கு அது பனைமர உயரம். வலது கை பட்டா எதிராளி எழ மாட்டான். லெனார்ட்தான் நுணுக்கமா ஆடுறவர். எல்லாரும் எதிர்பார்த்தது ஹெர்ன்ஸ் துரத்துவான், லெனார்ட் நழுவுவார்னு. முதல்ல அப்படித்தான் போச்சு. ஆறாவது, ஏழாவது ரவுண்டுல ஹெர்ன்ஸோட விலாவுல லெனார்ட் ரெண்டு பலமா வச்சாரு பாருங்க, சண்டை தலைகீழாத் திரும்பிடுச்சு. அதுக்கப்புறம் ஹெர்ன்ஸ் பின்னாடி போய்க்கிட்டே நீளக் கையால ஜாப் போட்டுப் பாயிண்ட் எடுக்கிறான். லெனார்ட் வேட்டைக்காரனா மாறித் துரத்துறாரு.

12-வது ரவுண்டு முடிஞ்சு லெனார்ட் ஸ்டூல்ல உக்காரும்போது அந்த முகத்தை நிறுத்திப் பாருங்க. இடது கண்ணு வீங்கி, இமை கிட்டத்தட்ட மூடிப்போச்சு. அவரோட பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி குனிஞ்சு, மூஞ்சிக்கு நேரா நின்னு, கையில இருக்கிறதைக் கோட்டை விடுறியேன்னு கத்துறார். அலியோட கார்னர்ல நின்ன அதே டண்டி. லெனார்ட் பதில் பேசல. 13-வதுல ஹெர்ன்ஸைக் கயித்துக்கு வெளியே தள்ளுற அளவுக்கு அடிச்சாரு, 14-வதுல ரெஃபரி நிறுத்திட்டார். 13 ரவுண்டு முடிவுல மூணு ஜட்ஜோட ஸ்கோர்கார்டுலயும் ஹெர்ன்ஸ்தான் முன்னாடி இருந்தான்!

இங்க ஒண்ணை மறைக்காம சொல்லணும். இந்தச் சண்டை 12 ரவுண்டா இருந்திருந்தா ஹெர்ன்ஸ் ஜெயிச்சிருப்பான். 15 ரவுண்டு இருந்ததாலதான் அந்த மாயம் நடந்துச்சு. அடுத்த வருஷம் 1982 நவம்பர் 13, அதே சீசர்ஸ் பேலஸ். தென் கொரியாவோட டுக் கூ கிம், ரே மான்சினிகிட்ட 14-வது ரவுண்டுல விழுந்தாரு. சில நாள்லயே உயிர் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் சாம்பியன் பட்டம் குடுக்கிற அமைப்புகள்ல ஒண்ணான டபிள்யூ.பி.சி. 12 ரவுண்டாக் குறைச்சது, மத்த அமைப்புங்களும் பின்னாலயே வந்தாங்க. நான் காலேஜ்ல மூணு ரவுண்டு ஆடியிருக்கேன். மூணாவது ரவுண்டுல கை ஈயக்கட்டி மாதிரி தொங்கும், தாடையை மறைக்கணும்னு தெரியும், கை மேல வராது. அந்த நிலையில இன்னும் பன்னெண்டு ரவுண்டை நினைச்சுப் பாருங்க. 15 ரவுண்டு திரும்ப வரணும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அந்தச் சண்டையை ரசிக்கிறவன்தான் இதையும் சொல்றேன்.

மேல போவோம். 1983-ல டுரான் மிடில்வெயிட்டுக்கு ஏறி ஹாக்லரோட மோதினான். லைட்வெயிட்ல சாம்பியனா இருந்தவன், 135 பவுண்டுலேர்ந்து 160-க்கு வந்துட்டான்! முட்டி மோதுற டுரான் அன்னைக்குத் தலையை அசைச்சே குத்துகளைத் தவற விட வச்சான். ஹாக்லர் 15 ரவுண்டும் போராடித்தான் ஜெயிக்க முடிஞ்சது. அதே டுரானை ஏழு மாசம் கழிச்சு ஹெர்ன்ஸ் ரெண்டே ரவுண்டுல முகம் தரையில படுற மாதிரி சாய்ச்சான். அந்த ஹெர்ன்ஸை ஹாக்லர் மூணு ரவுண்டுல முடிச்சான். கணக்குப் போட்டுப் பாருங்க, எங்கயாவது நேரா வருதா?

1987-ல லெனார்ட் அஞ்சு வருஷத்துல ஒரே ஒரு சண்டை ஆடிட்டு வந்து ஹாக்லரை எதிர்த்து நின்னாரு. ஹாக்லர் வழக்கமா இடது கைக்காரன் மாதிரி நின்னு ஆடுறவன். அன்னைக்கு வலது கைக்காரன் மாதிரி நின்னு ஆரம்பிச்சான். முதல் ரவுண்டுகள் கையை விட்டுப் போச்சு. முடிவு பிளவுத் தீர்ப்பு, அதாவது மூணு ஜட்ஜுல ரெண்டு பேர் லெனார்டுக்கு, ஒருத்தர் ஹாக்லருக்கு. ஹாக்லர் அதுக்கப்புறம் ரிங்குல ஏறவே இல்ல, இத்தாலிக்குப் போயிட்டார். யார் ஜெயிச்சாங்கன்னு இன்னைக்கும் அடிச்சுக்கிறாங்க. என் கணக்குல லெனார்ட் ஒரு ரவுண்டு வித்தியாசத்துல.

இப்போ உள்ள காலத்தை நான் மட்டம் தட்டல. ஆனா மேவெதர், பாக்கியாவ் சண்டைக்கான பேச்சு 2009-ல ஆரம்பிச்சது, சண்டை நடந்தது 2015 மே 2-ல. நமக்கு ஞாயித்துக்கிழமை காலை. எங்க வீட்டுல பதினோரு பேரு கூடினோம். 12 ரவுண்டும் மேவெதர் மேவெதராவே இருந்தாரு. பெரிய கலைஞன், மறுக்கல. ஆனா யாரும் அவரை வேற ஆளா மாத்தல. அஞ்சு வருஷம் முன்னாடி, ரெண்டு பேரும் உச்சத்துல இருந்தப்போ மோதியிருந்தா ஒருவேளை மாத்தியிருக்கலாம். அந்த ஏக்கம் எனக்கு இன்னும் போகல.

கடைசியா 1985 ஏப்ரல் 15. ஹாக்லர் நிதானமா, எட்ட நின்னு கணக்குப் போட்டு ஆடுறவன். மணி அடிச்சதும் ஓடி வந்து விழுந்தான். எட்ட நின்னு அடிக்க நினைச்ச ஹெர்ன்ஸ் வேற வழியில்லாம நின்னு குத்தினான், முதல் ரவுண்டுலயே வலது கை எலும்பு உடைஞ்சது. ஹாக்லரோட நெத்தி கிழிஞ்சு ரத்தம் மூக்கு மேல வழியுது. மூணாவது ரவுண்டுல ரெஃபரி ரிச்சர்ட் ஸ்டீல் நிறுத்தி டாக்டர்கிட்ட காட்டுறார். டாக்டர் பாத்துட்டுத் தொடரலாம்னு அனுப்புறார். ஆனா இனிமேலும் இழுத்தா சண்டையை நிறுத்திடுவாங்கன்னு ஹாக்லருக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் திரும்பி நடந்து வர்ற அந்த நடையைப் பாருங்க. கொஞ்ச நேரத்துல ஹெர்ன்ஸ் தரையில.

பெரியப்பா இன்னைக்குச் சாயங்காலம் திரும்ப வர்றார். நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. டீ குடுத்து உக்கார வச்சு, இந்த எட்டு நிமிஷத்தை அப்படியே போட்டு விடப் போறேன்.