கவுன்ட்டரில் நோயைச் சொல்லியே ஆக வேண்டுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, இந்த முறை ஒரே ஒரு கேள்வியை மட்டும்தான் எடுக்கப் போகிறேன், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "டாக்டரைப் பார்க்கப் போனேன். டோக்கன் கொடுக்கிற இடத்தில் 'உங்களுக்கு என்ன பிரச்சினை?' என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள். எனக்கு இருந்தது சிறுநீர் சம்பந்தமான தொந்தரவு. சொல்ல வாய் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இப்படிக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? அப்புறம், ரிசல்ட்டை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாமா, அது தப்பா?"

தப்பே இல்லை அம்மா. உரிமையும் இருக்கிறது, கேட்டுக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் நீங்கள் 'காய்ச்சல்' என்று சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. அந்தச் சீட்டில் காய்ச்சல் என்று எழுதியிருப்பார்கள், அது உங்கள் கோப்பில் போய் உட்கார்ந்திருக்கும், உள்ளே டாக்டர் அதை வைத்துத்தான் முதல் கேள்வியையே ஆரம்பித்திருப்பார். ரகசியம் காக்கப்படாத இடத்தில் நோயாளி பொய் சொல்வார், பொய்யை வைத்துக்கொண்டு யாராலும் வைத்தியம் பார்க்க முடியாது. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இதை நான் பல தடவை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்: ரகசியம் நோயாளியுடையது. டாக்டர் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இப்போது கவுன்ட்டரில் என்ன செய்வது? "டாக்டரிடமே சொல்லிக்கொள்கிறேன்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். சண்டை போடுகிற குரல் வேண்டாம், கூச்சமும் வேண்டாம். அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எந்த டாக்டரிடம் அனுப்புவது, அவசரமா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் அந்த அளவுக்குச் சொல்லுங்கள், இல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு மாதிரி இருந்தால் மட்டும் வெட்கப்படாமல் சத்தமாகவே சொல்லுங்கள், அங்கே ஒரு நிமிஷம்கூடப் பெரிது.

அமெரிக்காவில் 1996ல் ஹிப்பா (HIPAA) என்று, மருத்துவக் காப்பீடு, நோயாளியின் விவரங்கள் சம்பந்தமாக ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிகளில், காத்திருக்கும் இடத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கலாம், ஆனால் அந்தப் பதிவேட்டில் எதற்காக வந்தார் என்கிற நோய் விவரம் மற்றவர் கண்ணில் படும்படி இருக்கக் கூடாது. இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பெயர் வேறு, நோய் வேறு. பெயரைக் கூப்பிடாமல் கிளினிக் நடத்த முடியாது, நோயைக் கூவாமல் தாராளமாக நடத்தலாம். டாக்டருக்கு இருக்கிற கடமை டோக்கன் கொடுப்பவருக்கும், ரத்தம் எடுப்பவருக்கும், கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் அடிப்பவருக்கும் சேர்த்துத்தான்.

இது ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த புதுக் கவலை என்று நினைக்காதீர்கள். வைத்தியம் பார்க்கும்போது கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்பது பழங்காலக் கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரடீஸ் பெயரில் டாக்டர்கள் எடுக்கிற பழைய உறுதிமொழியிலேயே இருக்கிறது. 1948ல் உலக மருத்துவச் சங்கம் ஜெனீவாவில் புது உறுதிமொழி எழுதியபோதும் அதை விடவில்லை. பிற்பாடு அதில் 'நோயாளி இறந்த பிறகும்' என்று சேர்த்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ரகசியம் அவருடையதாகவே இருக்கிறது.

அடுத்தது, வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்கலாமா என்பது. இதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். வெளியாளிடம் சொல்லக் கூடாது என்றால் உடனே ஒப்புக்கொள்வார்கள், குடும்பம் என்றதும் "அவங்களுக்குத் தெரியாமல் என்ன?" என்பார்கள். விவரம் தெரிந்த, வயது வந்த ஒருவர் தன் உடம்பைப் பற்றி யாரிடம் சொல்லலாம் என்பதை அவரேதான் தீர்மானிக்க வேண்டும். கணவன், மனைவி, அப்பா, பிள்ளை, யாராக இருந்தாலும் அவர் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். சின்னக் குழந்தை, நினைவில்லாமல் கிடப்பவர் விஷயம் வேறு, அதற்குத் தனி விதிகள் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவர் சொன்னது இது. வயதான ஒருவர், சர்க்கரை எகிறிக்கொண்டே போகிறது. மகன் கூடவே வருவார், மிகவும் அக்கறையான பிள்ளை. "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டால் பெரியவர் பதில் சொல்வதற்குள் மகன் "போடுகிறார் சார், நானே எடுத்துக் கொடுக்கிறேன்" என்பார். பெரியவர் தலையை மட்டும் ஆட்டுவார். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று யோசிக்கிற நிலைமை. ஒரு நாள் பழைய ரிப்போர்ட்டை வெளியே வாங்கிவரச் சொல்லி மகனை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டிருக்கிறார். பெரியவர் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, வாயில் வைத்துவிட்டு அப்புறம் துப்பிவிடுகிறேன், பையனிடம் சொன்னால் வருத்தப்படுவான்" என்றாராம். அளவைக் கூட்டியிருந்தால், அதற்கப்புறம் ஒரு நாள் அவர் உண்மையிலேயே எல்லாவற்றையும் விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கும். மகன் கெட்டவர் இல்லை, அன்பானவர்தான். அன்பானவர் முன்னாலும் சொல்ல முடியாதது இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், டாக்டருடன் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். அடுத்த நோயாளியை முன்கூட்டியே உள்ளே அழைத்து ஓரமாக நிற்க வைக்கிற இடம் என்றால், "அவர் போன பிறகு பேசுகிறேனே" என்று சொல்லுங்கள்.

ரகசியத்துக்கு விதிவிலக்கே இல்லையா என்றால், இருக்கிறது. காசநோய் மாதிரி சில நோய்களை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், இந்தியாவில் 2012லிருந்து தனியார் மருத்துவர்களுக்கும் அது கட்டாயம். நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டும். இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால் என்ன செய்வது என்பது பெரிய விவாதம். 1976ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், நோயாளியால் ஒருவருக்குப் பலத்த ஆபத்து என்று தெரிந்தால் அவரைக் காப்பாற்ற நடவடிக்கை எடுப்பது மனநல நிபுணரின் கடமை என்றது. இந்தியாவில் 1998ல் ஒரு வழக்கு. ஹெச்ஐவி இருப்பதை மருத்துவமனை வெளிப்படுத்தியதால் ஒருவருடைய கல்யாணம் நின்றுபோனது. உச்ச நீதிமன்றம் அதை ரகசிய மீறலாக எடுத்துக்கொள்ளவில்லை, மணக்கவிருந்த பெண்ணின் உயிரைப் பார்த்தது. பிறகு 2017ல் தனிச் சட்டமே வந்து, சம்மதம் இல்லாமல் ஒருவரின் ஹெச்ஐவி நிலையை வெளியிடக் கூடாது, துணைக்குச் சொல்ல வேண்டியிருந்தால் இன்ன முறையில்தான் சொல்லலாம் என்று வகுத்தது. இதில் கவனிக்க வேண்டியது, விதிவிலக்கு என்றால் யாருக்குத் தெரிந்தே ஆக வேண்டுமோ அவருக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும். அதைச் சாக்காக வைத்து ஊருக்கெல்லாம் சொல்ல யாருக்கும் அனுமதி கிடையாது. ரகசியம் அப்போதும் நோயாளியுடையதுதான்.

இதோடு முடித்திருப்பேன், ஆனால் இந்தச் சகோதரி கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, அதை யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன். என் விவரத்தை மற்றவரிடம் கொடுக்காதே என்று எல்லோரும் கேட்கிறோம். என் விவரத்தை எனக்குக் கொடு என்று எத்தனை பேர் கேட்கிறோம்? டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள், மீதிக் கோப்பு முழுக்க அங்கேயே தங்கிவிடும். நகல் கேட்டால் ஏதோ வழக்குப் போடப் போகிறோம் என்று நினைப்பார்களோ என்று தயங்குகிறோம். இந்தியாவில் 2002ன் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் 2018லிருந்து நடைமுறையில் இருக்கிற தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக ஒரு மாதம் என்கிறது, அமெரிக்காவில் பொதுவாக 30 நாள். நீங்கள் வேறு நாட்டிலிருந்து பார்த்தாலும் அங்கேயும் இப்படி ஏதோ ஒரு விதி இருக்கலாம், விசாரியுங்கள்.

வாயால் கேட்டால் "அப்புறம் வாங்க" என்பார்கள். எழுதிக் கேளுங்கள். பெயர், நோயாளி எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்னென்ன வேண்டும் (ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, நர்ஸ் எழுதுகிற மருந்துப் பட்டியல்), கீழே கையெழுத்து, தேதி. பெற்றுக்கொண்டதற்கு உங்கள் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 72 மணி நேரமோ 30 நாளோ, அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு.

கோப்பு கைக்கு வந்ததும் பத்திரமாக உள்ளே வைத்துவிடாதீர்கள், அன்றைக்கே உட்கார்ந்து படியுங்கள். பெயர், வயது, ரத்த வகை, ஒவ்வாமை, இந்த நான்கையும் முதலில் பாருங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று நீங்கள் சொன்னது அங்கே எழுதப்பட்டிருக்கிறதா? அந்தக் கட்டம் காலியாக இருந்தால், திருத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பழையதை அழிக்க மாட்டார்கள், அழிக்கவும் கூடாது. தேதி போட்டு, கையெழுத்தோடு ஒரு திருத்தக் குறிப்பைச் சேர்ப்பார்கள், அந்தப் பக்கத்தையும் நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.