ஊர்ப்பெயர் புத்தகமும் 3 யூரோ லாபமும்

வணக்கம் மக்களே! மூச்சு வாங்குவது கேட்கிறதா? ஸ்லோவேனியா எல்லையை ஒட்டிய இத்தாலிய ஊரான திரியெஸ்தேயில் ஒரு மேடு ஏறி வந்திருக்கிறேன். எனக்கும் மேட்டுக்கும் ஆகாது, போன வீடியோவில் பாதியிலேயே திரும்பியதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்று ஏறியதற்குக் கூலி இதோ, கையில். பழைய புத்தகக் கடையில் 12 யூரோ என்று ஒட்டியிருந்தது. அட்டை நைந்திருப்பதைக் காட்டினேன், 10 என்றார். வாயே திறக்காமல் நின்றேன். 9! சும்மா நின்றதற்கு 1 யூரோ, மக்களே!

இத்தாலியில் இருக்கும் ஸ்லோவேனிய மொழி ஊர்ப்பெயர்களுக்கான கையேடு இது. 1999இல் வந்தது. எழுதியவர் பாவ்லே மெர்கூ. எனக்கு அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது, போனை வைத்துத் துழாவுகிறேன். புரொசெக்கோ ஒயின் இருக்கிறதே, அந்தப் பெயர் பக்கத்து ஊரான புரோசெக்கிலிருந்து போனது. காட்டை வெட்டிப் போட்ட பாதை என்று பொருள். இனி அந்தப் பாட்டிலைப் பார்த்தால் எனக்குக் கோடாரிதான் ஞாபகம் வரும்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். மெர்கூ இசையமைப்பாளர்! 'காச்சி பாஸ்திர்' என்று ஓர் ஓபரா, அதாவது பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம், போட்டவர். அது தட்டான்பூச்சிக்கு ஸ்லோவேனியப் பெயர். பிரித்துப் பார்த்தால் 'பாம்பு மேய்ப்பவன்'. வாலில் நூல் கட்டி விளையாடினோமே, அதே தட்டான்! அப்புறம், எல்லையோர மலைக்கிராமங்களில் பாட்டு சேகரித்தார். அங்கே ரெசியா பள்ளத்தாக்கில் வயலின்காரர் காலால் தரையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே வாசிப்பார், அவ்வளவு பிடிக்கும் எனக்கு.

குடும்பப்பெயர்களுக்கும் தனிப் புத்தகம் போட்டிருக்கிறார். அவர் இந்த ஊரில் பிறந்தது 1927இல். அதே வருஷம்தான் ஸ்லோவேனியப் பெயர்களை இத்தாலியப் பெயர்களாக்கும் ஆணை இந்தப் பகுதிக்கும் வந்தது. வோதொபிவெத்ஸ், அதாவது தண்ணீர் குடிப்பவன், பெவிலாக்குவா ஆனான். பொருள் அதேதானே என்பார்கள். பற்றிக்கொண்டு வருகிறது! விமானச் சீட்டில் அப்பா பெயரை என் பெயராக்கியதற்கே நான் இரண்டு வீடியோ போட்டுப் புலம்பியவன்.

ஸ்லோவேனியாவில் கலைஞர்களுக்குக் கொடுக்கும் பெரிய விருதான பிரெஷெரன் விருது அவருக்கு 2014இல் கிடைத்தது, அதே வருஷம் அக்டோபரில் காலமானார்.

சரி, மிச்சம் பிடித்த 3 யூரோவுக்குக் காப்பி. நேற்று கப்புச்சினோ கேட்டு, இத்தனூண்டு கோப்பையில் வாங்கிக்கொண்டு விழித்தேன். இந்த ஊரில் கப்புச்சினோ வேண்டுமென்றால் 'கஃபெலாத்தே' என்று கேட்க வேண்டுமாம்.