கன்னங்குறிச்சியிலிருந்து புதிய பஸ் நிலையம் வரை: சைக்கிளுக்கு எந்த வழி?

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. சேலத்தில், கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் தெரிவது சேர்வராயன் மலை. உச்சியில் இன்னும் மேகம் கலையவில்லை. சைக்கிளில் வேலைக்குப் போய்வருவது பற்றி இன்று பேசப்போகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஓட்டிக்கொண்டே பேச மாட்டேன். இறங்கி, சைக்கிளை ஓரமாக நிறுத்திய பிறகுதான் கேமராவைக் கையில் எடுப்பேன். அதனால் இந்தப் பதிவு விட்டு விட்டுத்தான் வரும்.

என் அக்கா மகள் இப்போது பதினோராம் வகுப்பு. பள்ளியில் அரசின் விலையில்லா மிதிவண்டி கொடுத்துவிட்டார்கள். "சித்தி, இனி ஆட்டோ வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன்" என்கிறாள். அக்காவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. எனக்கும்தான். மூன்று ஆண்டுகளாக இதே கன்னங்குறிச்சியிலிருந்து புதிய பஸ் நிலையத்துக்கு அருகே இருக்கும் என் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்வருகிறேன். அவள் பள்ளியும் அந்தத் திசையில்தான். "பார்த்துப் போ" என்று எல்லோரும் சொல்கிறோம். எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று யார் சொல்லிக்கொடுக்கிறோம்?

இதோ, இந்த நோட்டைப் பாருங்கள். வெயில் இன்னும் வரவில்லை, எழுத்து தெரிகிறதா? இடப்பக்கத்தில் நான் முதலில் போய்க்கொண்டிருந்த வழி: அஸ்தம்பட்டி, சாரதா கல்லூரி சாலை, ஐந்து ரோடு, புதிய பஸ் நிலையம். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். வலப்பக்கத்தில் இப்போது போகும் வழி: அஸ்தம்பட்டியைக் கடந்தவுடன் ஃபேர்லேண்ட்ஸ் உள்தெருக்களில் புகுந்து, வளைந்து வளைந்து போவது. ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல்.

சிவப்புப் புள்ளிகள் எதற்கு என்றால், வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்துக்கு ஒரு புள்ளி. பஸ் நிறுத்தத்துக்கு ஒரு புள்ளி. ரவுண்டானாவுக்கு ஒன்று. ஓரத்தில் வரிசையாகக் கார் நிற்கும் இடத்துக்கு ஒன்று. பக்கத்துத் தெரு வந்து சேரும் முனை மறைவாக இருந்தால் அதற்கும் ஒன்று. எண்ணிப் பாருங்கள்: இடப்பக்கத்தில் பதினான்கு, வலப்பக்கத்தில் ஐந்து. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம். அப்படியானால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். ஆறு நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் ஒன்பது புள்ளிகளை அழித்துவிடலாம். எத்தனை கிலோமீட்டர் என்பதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. எத்தனை இடத்தில் என் பாதையை இன்னொரு வண்டி வெட்டுகிறது என்றுதான் கணக்கு.

வெளிச்சம் வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

இது சாரதா கல்லூரி சாலை. ஞாயிறு காலை என்பதால் வெறிச்சோடிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் முதல் ஒத்திகை பார்ப்பது நல்லது, ஏனென்றால் சாலையின் முகம் இப்போதுதான் தெரியும். அங்கே பாருங்கள், ஆள்நுழை குழியின் மூடி தார் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. அதற்கு அப்பால், தோண்டி மூடிய பள்ளம் நீளவாக்கில் ஒரு கோடு போலப் போகிறது. சைக்கிள் டயர் அதில் இறங்கினால் ஹேண்டில்பார் நம் பேச்சைக் கேட்காது. வார நாளில் இதையெல்லாம் வண்டிகள் மறைத்துவிடும்.

இந்தச் சாலையில்தான் நான் விழுந்தேன். இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இடப்பக்க ஓரத்தில் கார் ஒன்று நின்றது. நான் அதை உரசினாற்போல, ஓர் அடி இடைவெளியில் போய்க்கொண்டிருந்தேன். ஓரமாகப் போவதுதான் பாதுகாப்பு என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. கதவின் விளிம்பு ஹேண்டில்பாரில் பட்டு, சைக்கிள் இடப்பக்கம் மடங்க, நான் வலப்பக்கம் சாலையில் விழுந்தேன். காதுக்கு அருகே ஒரு பஸ்ஸின் பிரேக் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அதன் முன்சக்கரம், அதில் ஒட்டியிருந்த செம்மண், எல்லாம் தெரிந்தன. அந்த பஸ் ஓட்டுநர் இறங்கி வந்து, "எழுந்திரும்மா, ஒன்றும் இல்லை" என்று தோளைப் பிடித்துத் தூக்கினார். அவர் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்காலில் ஏழு தையல்.

மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது ஒரு நொடிக்கு ஐந்து மீட்டர். கதவு திறக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் நம் மூளை "கதவு" என்று சொல்லி முடிப்பதற்குள் நாம் அதைத் தொட்டுவிடுகிறோம். அதனால் நின்றிருக்கும் காரிலிருந்து ஒரு முழுக் கதவின் அகலம் தள்ளித்தான் இப்போது போகிறேன். பின்கண்ணாடி வழியாக உள்ளே தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா, முன்சக்கரம் திரும்பியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வருகிறேன். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தாலும் ஓரத்துக்கு ஒடுங்குவதில்லை. கார் வரிசை முடிந்ததும் நானே ஒதுங்கி வழிவிடுகிறேன்.

கார் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் கதவை வலக்கையால் திறக்காதீர்கள், இடக்கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும். நெதர்லாந்தில் இப்படித்தான் பழக்குகிறார்கள். காசு பணம் கேட்காத பழக்கம், இன்றைக்கே தொடங்கலாம்.

இப்போது ஐந்து ரோடு. மேலே தெரிவது 2020-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம். நான் இதில் ஏறுவதில்லை. ஏற்றத்தில் நம் வேகம் மனிதர் நடக்கும் வேகத்துக்கு அருகே வந்துவிடும். பின்னால் வருபவர்கள் குறைக்காமல் வருவார்கள். ஒதுங்க இடமும் கிடையாது. அதற்காகக் கீழே போவது எளிது என்று எண்ணிவிட வேண்டாம். வெயிலிலிருந்து பாலத்தின் நிழலுக்குள் வரும் ஓட்டுநருக்குக் கண் பழக ஒரு கணம் ஆகும். தூணுக்கு அருகே நிற்கும் சைக்கிள் அந்தக் கணத்தில் அவருக்குத் தெரியாது.

புதிய பஸ் நிலையத்துக்குப் போகும் பஸ்கள் எல்லாம் இந்தப் பக்கம் வருகின்றன. நின்றிருக்கும் பஸ்ஸின் இடப்பக்கச் சந்தில் சைக்கிளை நுழைக்காதீர்கள். எவ்வளவு இடம் இருந்தாலும் வேண்டாம். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சந்து சுருங்கிக்கொண்டே போய் இல்லாமல் ஆகிவிடும். ஓட்டுநரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நாம் தெரிய வாய்ப்பில்லை. பின்னாலேயே நில்லுங்கள்.

எந்த உள்தெருவில் வந்தாலும் ஓமலூர் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். என் ஐந்து புள்ளிகளில் பெரிய புள்ளி அதுதான். நான் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு, நடந்து போகிறவர்களோடு கடக்கிறேன். வலப்பக்கம் திரும்ப வேண்டிய சிக்னல்களிலும் நடுச்சாலைக்குப் போவதில்லை. முதலில் நேராக எதிர்முனை வரை போய், இடப்பக்க ஓரத்தில் நின்று, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, அந்தத் திசைக்குப் பச்சை விழுந்ததும் போகிறேன். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

மற்ற திசைகளிலிருந்து வருபவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் நெடுஞ்சாலையின் முதன்மைத் தடத்தில் ஏற வேண்டாம். அங்கே பின்னால் வரும் வேகம்தான் ஆபத்து. சர்வீஸ் சாலை இருக்கும் இடத்தில் அதில் வாருங்கள், அதிலும் எதிர்த்திசையில் வேண்டாம். விருத்தாசலம் ரயில் பாதையைக் கடந்து வருபவர்கள் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் டயர் இடுக்கில் மாட்டும். மழையில் நனைந்த தண்டவாளம் சோப்புப் போல வழுக்கும், அப்போது இறங்கிவிடுங்கள்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலை ஏழரை மணி, எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் இருக்கிறேன். இரண்டாவது ஒத்திகையைப் பள்ளி நடக்கும் நாளில், போகிற நேரத்திலேயே பார்க்க வேண்டும் என்பதால் இன்று அரைநாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். அக்கா மகளின் சைக்கிளைக் கடைக்காரப் பெரியவர் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். பிரேக் கட்டையை விரலால் தடவச் சொல்கிறார். அதில் வெட்டுக்கோடுகள் இருக்கின்றன பாருங்கள், அவை தேய்ந்து மறைந்துவிட்டால் கட்டையை மாற்ற வேண்டும். "புதுச் சைக்கிள்தானே என்று விட்டுவிடாதே கண்ணு. புதுசில்தான் கேபிள் இழுபடும், நட்டு தளரும். ஒரு மாதம் கழித்து மறுபடி கொண்டுவா" என்றார். முன்பிரேக் லீவரைப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிக் காட்டினார், பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் சைக்கிள் வழுக்கிக்கொண்டே போனது. இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். மழையில் ரிம் ஈரமாக இருந்தால் முதல் ஓரிரண்டு சுற்றுக்குப் பிடிப்பே இருக்காது, முன்கூட்டியே பிடிக்கத் தொடங்க வேண்டும்.

பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு பொருத்தியாயிற்று. பெடலின் இருபுறமும் இருக்கும் மஞ்சள் பிரதிபலிப்பான்களைச் சேறு படியாமல் துடைத்து வைப்பேன். அவை மேலும் கீழும் அசைவதால், தூரத்தில் வருபவருக்கு ஒரு மனிதர் மிதித்துக்கொண்டு போகிறார் என்று உடனே புரிந்துவிடும். சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. நான் போடுகிறேன், அவளும் போடுவாள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, தாடைக்குக் கீழே வார் இறுக்கமாக. துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டி இடுப்பில் முடிச்சுப் போட்டுவிட வேண்டும். செயின் கவர் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது, பின்சக்கரக் கம்பிகளுக்கு அது மறைப்பு இல்லை.

இன்னொன்று, சனிக்கிழமை வேறு நாள். ஏற்காட்டுக்குப் போகும் வண்டிகள் எல்லாம் அஸ்தம்பட்டி வழியாகக் கோரிமேட்டுக்குப் போகின்றன. மே மாதத்தில் கோடை விழா நடக்கும்போது கேட்கவே வேண்டாம். வெளியூர் ஓட்டுநர்கள், கண் செல்போன் வரைபடத்தில் இருக்கும், கடைசி நொடியில் திரும்புவார்கள். சனிக்கிழமை வகுப்பு இருந்தால் ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும் என்று நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

மணி எட்டு ஐந்து. ஓமலூர் சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்து நிற்கிறோம். என் கணக்கில் ஐந்து புள்ளி, அவள் ஆறு என்கிறாள். உள்தெரு ஒன்றில் ஒரு மளிகைக் கடை வாசலில் காலையில் சரக்கு வண்டி பின்னுக்கு வந்து திரும்புகிறது. மூன்று ஆண்டுகளாகப் போகிறேன், நான் ஒரு மணி நேரம் கழித்துப் போவதால் அது என் கண்ணில் படவில்லை. நோட்டை வாங்கி அவளே புள்ளி வைத்துவிட்டாள். இணையாக இருக்கும் அடுத்த தெருவை இன்று மாலை போய்ப் பார்க்கிறோம். இந்த வாரம் முழுக்க அவள் முன்னால் போவாள். நான் ஒரு சைக்கிள் நீளம் பின்னால், அவளுக்குச் சற்று வலப்பக்கமாக வருவேன்.