மரக்கறி என்ற சொல்லும் மொழிபெயர்ப்பாளரின் பங்கும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். உலக இலக்கியமும் மொழிபெயர்ப்பும் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்தபோது என் நினைவில் முதலில் எழுந்தது, மட்டக்களப்புச் சந்தையில் நாம் நாள்தோறும் சொல்லும் 'மரக்கறி' என்ற சொல்லே. 2024ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் நாவலொன்றைத் தமிழில் தந்த சமயவேல், அதற்கு 'மரக்கறி' என்றே பெயரிட்டிருக்கிறார். இறைச்சி உண்பதை ஒருநாள் திடீரென நிறுத்திவிடும் பெண்ணொருத்தியின் கதை அது. 'சைவம்' என்று பெயர் வைத்திருந்தால், நம் மொழியில் அந்தச் சொல்லோடு கூடிவரும் சமயச் சாயல், கொரியாவில் நிகழும் அந்தக் கதையோடு தேவையின்றி ஒட்டிக்கொண்டிருக்கும். மேலும், கதை வளர வளர, அந்தப் பெண் தானே ஒரு மரமாகிவிட வேண்டும் என்று ஏங்குகிறாள். மரக்கறி என்ற சொல்லுக்குள் மரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் காய்கறி என்று வழங்குவதை மரக்கறி என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தத் தலைப்பு வீட்டுச் சொல்லாகவே ஒலிக்கிறது.

இதே நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2016இல் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட தனி நூலொன்றுக்கு ஆண்டுதோறும் வழங்கும் முறை அந்த ஆண்டில்தான் தொடங்கியது. பரிசுத் தொகையான 50,000 பவுணை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பெறுகிறார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். நம்மிடையே மொழிபெயர்ப்பாளரின் பெயரை உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அந்த ஆங்கில ஆக்கத்தைச் செய்த டெபோரா ஸ்மித் மீது கொரிய விமர்சகர்கள் சில குறைகளைச் சொன்னார்கள். கொரிய மொழியில் பாதத்தைக் குறிக்கும் சொல்லும் கையைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் மிக நெருங்கியவை. அவர் ஓரிடத்தில் பாதத்தைக் கையாக்கிவிட்டார். இதனால் அந்த நூலின் பெருமை குன்றிவிட்டதாக நான் கருதவில்லை. ஆயினும், உலக இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழை வந்தடைகிறது. இடைமொழியில் நேர்ந்த பிழை நம் மொழியிலும் தொடர்ந்து வரக்கூடும் என்பதை மொழிபெயர்ப்பில் இறங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

நேரடி மொழிபெயர்ப்பின் சுவையை என் தலைமுறையினர் அறிந்தது மொஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த ருஷ்ய நூல்களில்தான். பூ. சோமசுந்தரம் போன்றோர் அந்நகரிலேயே தங்கியிருந்து ருஷ்ய மொழியிலிருந்து நேராகத் தமிழாக்கினார்கள். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபோது அந்த வரவும் நின்றுபோயிற்று.

2025ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் பரிசு, கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் பன்னிரண்டு கதைகள் அடங்கிய தொகுப்புக்கும், அதை ஆங்கிலத்தில் தந்த தீபா பாஸ்திக்கும் கிடைத்தது. கன்னடத்துக்கு அந்தப் பரிசு வந்தது அதுவே முதல் தடவை. சிறுகதைத் தொகுப்பொன்று அதைப் பெற்றதும் அதுவே முதல் தடவை. தென்னிந்திய முஸ்லிம் பெண்களின் வீட்டு வாழ்வை எழுதிய கதைகள் அவை. கன்னடத்தோடு கலந்துவரும் உருது, அரபுச் சொற்களை மொழிபெயர்ப்பாளர் அப்படியே விட்டுவைத்தார்; அவற்றைச் சாய்வெழுத்தில் பிரித்துக் காட்டவுமில்லை, அடிக்குறிப்பு எழுதவுமில்லை. ஆங்கிலம் கன்னட நாட்டு உச்சரிப்போடு பேசட்டும் என்று விட்டார்.

இந்தச் செய்தி நமக்கு மிகவும் அண்மையது. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ சம்மாந்துறையிலோ ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் உம்மா, வாப்பா, ராத்தா, மௌத்து என்ற சொற்கள் தமிழாகவே புழங்குகின்றன. அக்கதைகளைத் தமிழில் தர முனையும் எவருக்கும் கிழக்கிலங்கைத் தமிழ் கைகொடுக்கும். 'காலமானார்' என்று எழுதும்போது வராத கனம் 'மௌத்தாகிவிட்டார்' என்னும்போது அங்கு தானாக வந்துவிடும். அதே வேளையில், மண்ணின் சொல்லை எங்கும் கொட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ருஷ்ய நிலவுடைமையாளரைப் போடியார் என்றும், அவருடைய குடியானவரை முல்லைக்காரர் என்றும் எழுதினால், பனி பெய்யும் அந்த நாடு மறைந்து நம் வயல்வட்டையே கண்ணில் தெரியும். எந்த இடத்தில் நம் சொல் கதையைத் திறக்கிறது, எந்த இடத்தில் மூடிவிடுகிறது என்று பார்த்துத் தெரிவதில்தான் மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்த உழைப்பு நம் பகுதிக்குப் புதியதன்று. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்று தமிழ்ப் பெயரிட்டு அழைத்து, அவருடைய நாடகங்களை நம் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்த 'மதங்கசூளாமணி' 1926இல் வெளிவந்தது. மட்டக்களப்பில் நெடுங்காலம் ஆசிரியராக வாழ்ந்து, பின்னர் நைஜீரியாவிலும் ஆங்கிலம் கற்பித்த எஸ். பொன்னுத்துரை, 2025 மே மாதம் மறைந்த கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவையும், செனகல் நாட்டின் செம்பென் உஸ்மானையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். கல்முனையைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் 1980களின் தொடக்கத்தில் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கினார். நிலத்தை இழந்தவனின் குரல் எப்படி ஒலிக்கும் என்பதை, போர் நம் வாசலுக்கு வந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், இளங்கவிஞர்கள் அந்த நூலில் கேட்டார்கள். அதற்குப் பின் எழுதப்பட்ட ஈழத்துக் கவிதைகள் பலவற்றில் அந்தக் குரலின் எதிரொலியை நான் கேட்கிறேன்.

இன்று இப்பணியில் இறங்க விரும்பும் இளையோருக்கு உரிமை பற்றி ஒரு செய்தி. இலங்கையின் 2003ஆம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். 1904இல் மறைந்த ருஷ்ய எழுத்தாளர் செக்கோவின் கதைகளைத் தமிழாக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத்தின் வழியாகச் செய்வதானால், அந்த ஆங்கில ஆக்கத்துக்கும் தனி உரிமை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. செக்கோவை ஆங்கிலத்தில் தந்த கான்ஸ்டன்ஸ் கார்னெட் 1946இல் மறைந்தமையால் அவருடைய ஆக்கங்களைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். வாழும் எழுத்தாளர் என்றால் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்குக் கடிதம் எழுத வேண்டும். கேட்கப்படும் முன்பணம் பெரும்பாலும் அச்சிடும் படிகளின் எண்ணிக்கையையும் விற்பனை விலையையும் பொறுத்தது. ஆகவே சில நூறு படிகளே அச்சாகும் நம் நிலையை அக்கடிதத்தில் மறைக்காமல் எழுதிவிடுவதே நல்லது.

இடைமொழியே வேண்டாத இன்னொரு வழியும் நம் அருகிலேயே இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் சிங்களத்தைப் பேசவும் படிக்கவும் தெரிந்த தமிழ் பேசும் இளைஞர் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்று மாலை ஒரு சிங்களச் சிறுகதையை எடுத்துவைத்து முதற்பத்தியைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம். பாதமா கையா என்ற ஐயம் எழுந்தால், அடுத்த தெருவில் இருப்பவரிடமே கேட்டுத் தெளியலாம்.

நன்றி, வணக்கம்.